கெத்து எங்கிருந்து வருகிறது? கபாலி, விக்ரம், கே.ஜி.எஃப். 2 டீசர்கள்: ஒரு விமர்சனம்

ஹீரோ எப்பேர்ப்பட்ட ஆம்பளை என்று ஓரிரு நிமிடத்தில் நம்ப வைக்க வேண்டும், மாஸ் பட டீசருக்கு அதுதான் வேலை. கையில் இருக்கும் சாமான்கள் எல்லாருக்கும் ஒன்றே: தரையை ஒட்டிய கேமரா, ஸ்லோமோஷன் நடை, நெஞ்சைத் தட்டும் பேஸ் (ஆழ்ந்த கனமான ஒலி), ஒரு பஞ்ச் வசனம். இவற்றை வைத்துச் செய்த மூன்று டீசர்களை ஹெட்போன் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தால், எது எங்கே நிற்கிறது, எது எங்கே சரிகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

மூன்றிலும் உயர்ந்தது கபாலிதான். 2016 மே 1 அன்று வெளியானது, நீளம் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். எதிராளி 'யாருடா அந்தக் கபாலி' என்று கத்துகிறான். ஹீரோ கத்துவதில்லை. பழைய தமிழ்ப் படங்களில் கபாலி என்றால் லுங்கியும் மருவுமாக முதலாளி முன் குனிந்து நிற்கும் அடியாள். அந்த ஆளா நான் என்று நரைத்த தாடியும் கோட்டு சூட்டுமாக ரஜினி கேட்கிறார். பா.ரஞ்சித் இங்கே ஆண்மையைப் புஜத்தில் வைக்கவில்லை, குனிய மறுக்கும் முதுகில் வைத்திருக்கிறார். ஒலியும் அதற்கு ஒத்துப்போகிறது. வசனம் வரும்போது சந்தோஷ் நாராயணனின் இசை ஒதுங்கி வழிவிடுகிறது, குரலின் கரகரப்பு காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் கிதாரும் அருண்ராஜா காமராஜின் 'நெருப்புடா'வும் முழு வேகம் பிடிக்கின்றன. முடிவில் ஒரே சொல், 'மகிழ்ச்சி'. அறுபதைத் தாண்டிய நடிகரின் வயதை மறைக்காமல் அதையே கெத்தாக மாற்றிய டீசர் அதற்கு முன் தமிழில் அரிது.

2020 நவம்பர் 7, கமல் பிறந்தநாளில் வந்த விக்ரம் டைட்டில் டீசர் வேறு வழியில் போகிறது. ராத்திரி, பழைய வீடு. ஒரு ஆள் தனியாகச் சமைக்கிறார், வீடு முழுக்க ஆயுதங்களை ஒளித்து வைக்கிறார், வாழை இலை போட்டு விருந்தாளிகளை உட்கார வைக்கிறார். பரிமாறுகிற கைதான் கொல்லப்போகிற கை என்பது நமக்குத் தெரியும், உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. லோகேஷ் கனகராஜின் கணக்கு அங்கேதான் இருக்கிறது. 'ஆரம்பிக்கலாங்களா' என்று மரியாதையோடு கேட்கும் அந்த ஒற்றைக் கேள்விக்கு இவ்வளவு எடை வந்ததற்கு, அதுவரை அவர் வாயைத் திறக்காததே காரணம். அனிருத்தின் பிஜிஎம் அருமைதான். ஆனாலும் சமையல் காட்சிகளில் கொஞ்சம் அடங்கியிருந்தால் பாத்திரச் சத்தமே இன்னும் பயமுறுத்தியிருக்கும்.

கே.ஜி.எஃப். 2 டீசர் 2021 ஜனவரி 7 இரவு வந்தது. யஷ் பெரிய இயந்திரத் துப்பாக்கியால் வண்டிகளைச் சல்லடையாக்குகிறார். சூட்டில் சிவந்த குழலில் சிகரெட்டைப் பற்ற வைக்கிறார். இதற்காகக் கர்நாடக சுகாதாரத் துறையின் புகையிலைத் தடுப்புப் பிரிவு நோட்டீஸ் அனுப்பியதும் நடந்தது. சுட்டு ஓய்ந்த பிறகு வரும் அந்தச் சின்ன இடைவெளி கச்சிதம். அங்கே இசையமைப்பாளர் ரவி பஸ்ரூரின் ஒலிச் சுவர் விலகி, ஆள் தெரிகிறார். மற்ற இடங்களில் ஆண்மை முழுக்கத் துப்பாக்கியின் அளவில் தொங்குகிறது. இரண்டாம் தடவை பார்க்கும்போது துப்பாக்கிதான் நினைவில் நிற்கிறது, மனிதன் நிற்கவில்லை.

இவற்றைப் பார்த்து நகலெடுக்கும் டீசர்கள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒலியில்தான் இருக்கின்றன. 60 ஹெர்ட்ஸிலிருந்து (எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்) 30 வரை சரிந்து இறங்கும் பேஸ் டிராப் தியேட்டரில் இருக்கையை அதிர வைக்கும். ஆனால் டீசரைப் பெரும்பாலோர் பார்ப்பது போனில். போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக எதுவும் கேட்காது, அடி விழ வேண்டிய இடம் வெற்றிடமாகிவிடும். அந்த ஒலியில் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது லேசான சிதைவு, சேர்த்தால் மேல் ஹார்மோனிக்ஸ் (அதே சுரத்தின் உயர் மடங்குகள்) உருவாகும், இல்லாத அடிச்சுரத்தைக் காதே ஊகித்துக்கொள்ளும். குரலைக் கனமாக்க 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை ஏற்றுகிறார்கள், சரி. கூடவே 250–400 ஹெர்ட்ஸ் பகுதியைக் குறைக்காவிட்டால் வசனம் பானைக்குள் பேசியது போலாகும். 2–4 கிலோஹெர்ட்ஸ் பகுதியையும் வெட்டிவிட்டால் வல்லின எழுத்துகள் மழுங்கி, பஞ்ச் வசனத்தில் பஞ்ச் போய்விடும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் உச்ச சத்தத்தில் வைப்பது. யூடியூப் அதிகச் சத்தமான ஒலியைச் சுமார் –14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குத் தானே இறக்கிவிடும். ஆகவே முழுக்க இரைச்சலாக மிக்ஸ் செய்த டீசர் அங்கே தட்டையாகத்தான் கேட்கும். அடிக்கு முன்னால் 8 முதல் 12 ஃபிரேம் மௌனம் விட்டால், அதாவது மூன்றில் ஒரு பங்கு முதல் அரை விநாடி, அதே அடி இரட்டிப்பாக விழும். கபாலியும் விக்ரமும் இன்றும் போனில் வேலை செய்வது இந்த ஏற்ற இறக்கத்தால்தான்.

காட்சியில் தவறுவது ஸ்லோமோஷன். விநாடிக்கு 96 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் நடை நான்கு மடங்கு நீளும். ஒரு நடைக்கு அது போதும். கதவு திறப்பது, கண்ணாடி போடுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றையும் அப்படி நீட்டினால் எந்த அசைவுக்கும் எடை இருக்காது. தாழ்ந்த கோணத்தில் அகல லென்ஸை மிக அருகில் வைத்தால் நெஞ்சு அகலும், தலை சிறுத்துவிடும். முகத்தை நம்பி எடுக்கும் டீசருக்கு அது நஷ்டம்.

மூன்றிலும் தீராத குறை ஒன்று உண்டு, அது பெண்கள். கபாலியிலும் கே.ஜி.எஃப்.பிலும் அவர்கள் வருவது சில விநாடிதான், விக்ரம் டீசரில் கதையை நகர்த்தும் பெண் யாருமில்லை. கபாலி படத்துக்குள் ராதிகா ஆப்தேவுக்கும் தன்ஷிகாவுக்கும் இருந்த கனத்தில் பாதியாவது டீசருக்குள் வந்திருக்கலாம். மனைவியைத் தேடி அலைகிற ஒரு கணவனின் கதை அது, டீசரை மட்டும் பார்த்தவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை.