பழைய காருக்கு ஒரு மல்டிமீட்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் வீடு. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றும் சாரலும் லேசில் விடாது, தகரக் கொட்டகையில் நிற்கும் பழைய பெட்ரோல் கார் அதையெல்லாம் குடித்துக்கொண்டே நிற்கும், எலி வேறு ஒயரைக் கடிக்கும். அதற்காகத்தான் கோயமுத்தூரில் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கும், ஒயர் அறுந்திருக்கிறதா என்று சொல்லும் சின்னக் கருவி) ஒன்று வாங்கினேன். இந்தக் காருக்கு வாங்கிய சாமான்களில் இதைத்தான் முதலாவதாகச் சொல்வேன்.

ஆனால் ஒயர் அறுபடவில்லை என்று அது அடிக்கும் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், 12 வோல்ட் கூடக் காட்டும். அந்த ஒயரில் லோடு, அதாவது லைட்டோ மோட்டாரோ, ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஹெட்லைட் மங்கியபோது எல்லோரும் பல்பை மாற்று, ரிலே போடு என்றார்கள். லைட்டை எரியவிட்டே அளந்தேன். பேட்டரியில் 12.3, பல்பு ஹோல்டரில் 10.6. வழியில் 1.7 வோல்ட் காணாமல் போகிறது. சரி என்று ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பல்பின் எர்த் பின்னிலும் (கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) வைத்தால் அங்கேயே 1.4! எர்த் ஒயரை பாடியில் முடுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன், டெர்மினல் பச்சை பூத்து, அடியில் தகடு துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளில் வெளுக்கத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவியதும் 0.1க்கு வந்துவிட்டது. 55 வாட் பல்பு ஒன்றே நாலரை ஆம்பியர் இழுக்கும், இரண்டும் ஒரே எர்த்தில் என்றால் ஒன்பது, அவ்வளவு கரண்டுக்கு அந்தத் துரு வழிவிடுமா?

அடுத்தது ராத்திரியில் பேட்டரி இறங்குவது. "பேட்டரி போயிருச்சுங், மாத்தீருங்க" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, என்ஜின் ஓடும்போது 14.1 வந்ததால் டைனமோவும் சரி. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோத்தேன். கார் சும்மா நிற்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை, இங்கே அதைப்போலப் பல மடங்கு. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் ஸ்டீரியோ ஃபியூஸில் சட்டென இறங்கியது. முன்னாடி யாரோ பூட்டிய ஸ்டீரியோ, சாவியை எடுத்தாலும் அணையாதபடி ஒயர் கொடுத்திருக்கிறார்கள். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, மீட்டரே கருகிவிடும்.

குறை என்றால், வெயிலில் திரை தெரிவதில்லை, புரோப் ஒயர் பிளக் ஓரத்தில் விறைத்து ஒடிகிறது, உள்ளே 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் அளவு மாறிக் காட்டுகிறது. அப்புறம், இரண்டு ஒயர் வைத்த சின்ன பல்பு ஒன்றும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அது கரண்டை இழுத்து எரிவதால் மீட்டர் ஏமாறும் பல இடங்களில் ஏமாறாது. ஏர்பேக் உள்ள வண்டியில் மட்டும் மஞ்சள் உறை போட்ட ஒயர்களில் அந்தப் பல்பையும் மீட்டரையும் வைக்கவே வைக்காதீர்கள், அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.