கேம் ஆட எந்த லினக்ஸ்? மிண்ட், ஃபெடோரா, பஸைட், ஆர்ச், டெபியன்: ஓர் ஒப்பீடு

"கேம் ஆட எந்த லினக்ஸ் நல்லது?" என்று நண்பர்கள் கேட்டால், "உங்க கிராபிக்ஸ் கார்டு எந்த வருஷம் சந்தைக்கு வந்தது?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். மிண்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை டிஸ்ட்ரோ என்பார்கள்; அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். ஒரே கேமை ஐந்து டிஸ்ட்ரோக்களில் ஓட்டி, இதில் மூன்று ஃபிரேம் கூட, அதில் இரண்டு ஃபிரேம் குறைவு என்று பட்டியல் போடும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அந்த வித்தியாசம் ஆடும்போது யாருக்கும் தெரியாது. புதுக் கார்டைச் செருகியதும் கருப்புத் திரை வருவதும், அப்டேட் போட்ட மறுநாள், கேம் வாங்கி ஆடும் செயலியான ஸ்டீம் திறக்க மறுப்பதும்தான் தெரியும். இந்த ஒப்பீட்டில் நான் பார்க்கப் போவது அவற்றைத்தான்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வருவதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இதனால் வெளியே நிற்கின்றன.

வேகத்தில் ஏன் பெரிய வித்தியாசம் இல்லை? ஏனென்றால் கேமை ஓட்டும் இயந்திரம் எல்லா டிஸ்ட்ரோவிலும் ஒன்றேதான். விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய வைன் திட்டத்தின் மேல் கட்டப்பட்ட புரோட்டானை, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, விண்டோஸ் கேம்களின் டைரக்ட்எக்ஸ் வரைகலைக் கட்டளைகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. நியர்: ஆட்டோமேட்டாவை லினக்ஸில் ஆடிவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு தனிமனிதர் எழுதத் தொடங்கிய நிரல் அது. கட்டற்ற மென்பொருளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதைக்கு இதுவே போதும். டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான் என்று தனியாக ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங் வந்தபோது விண்டோஸிலேயே கேம் திக்கித் திக்கி ஓடியது. வால்வின் ஆட்கள் அந்த அடுக்கில் திருத்தம் செய்து, தங்கள் கையடக்கக் கேம் கணினியான ஸ்டீம் டெக்கில் அந்தத் திக்கலைப் பெருமளவு குறைத்துக் காட்டினார்கள். இதெல்லாம் ஸ்டீமோடு சேர்ந்தே இறங்கும். மிண்டில் இருந்தாலும் ஆர்ச்சில் இருந்தாலும் அதே புரோட்டான்தான்.

எந்த டிஸ்ட்ரோவாலும் தீர்க்க முடியாத ஒரு பிரச்சினையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்த வழியைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது கேம் நிறுவனத்தின் முடிவு. வேலரன்ட் லினக்ஸில் ஓடாது, ஃபோர்ட்நைட்டும் ஓடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸுக்குக் கதவைச் சாத்தியது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஜிடிஏ ஆன்லைனும் அப்படித்தான் போனது. உங்கள் மாலைப் பொழுது வேலரன்டில்தான் கழிகிறது என்றால் விண்டோஸை அழிக்காதீர்கள். தனியாக ஆடும் கேம்கள்தான் உங்கள் உலகம் என்றால் தயங்க வேண்டியதில்லை. புரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கேமின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

அப்புறம், டிஸ்ட்ரோக்கள் எதில்தான் வேறுபடுகின்றன? கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எவ்வளவு புதியது, மெசா (வரைகலை டிரைவர் தொகுப்பு) எவ்வளவு புதியது, என்விடியா டிரைவரை எப்படிக் கையாள்கிறது, ஏதாவது உடைந்தால் நேற்றைய நிலைக்கு எப்படித் திரும்புவது. இந்த நான்கில்தான்.

மிண்டும் ஃபெடோராவும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான் என்பது என் கருத்து. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு மற்ற மூன்றும் தேவைப்படாது.

ஒரு உதாரணம் போதும். ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கார்டு 2025 மார்ச்சில் வந்தது. அப்போது புழக்கத்தில் இருந்த மிண்ட் 22.1-இன் கர்னல் 6.8. அந்தக் கார்டு பிறப்பதற்கு ஒரு வருடம் முந்தைய கர்னல் அது. அதன் மேல் அந்தக் கார்டு ஒழுங்காக வேலை செய்யாது. ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-இல் கர்னல் 6.14, மெசா 25.0 இரண்டும் இருந்தன. மிண்ட் இயல்பாகவே 6.14 கர்னலோடு வந்தது செப்டம்பரில், 22.2 பதிப்பில்தான். ஏஎம்டி கார்டுகளின் டிரைவர் கர்னலிலும் மெசாவிலும்தான் இருக்கிறது. கேம் ஆடத் தனியாக எதையும் இறக்கி நிறுவுவது வழக்கமில்லை. டிஸ்ட்ரோ பழையது என்றால் டிரைவரும் பழையதுதான். ஆகவே புது ரேடியான் வாங்கியவருக்கு மிண்டை நான் சொல்லவே மாட்டேன்.

கார்டு மூன்று நான்கு வருடம் பழையது என்றால் தராசு அப்படியே மறுபக்கம் சாய்கிறது. மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் நிற்கிறது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். என்விடியா கார்டு இருந்தால் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைக்கும் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. கணினியின் நிலையை அவ்வப்போது சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்டைத் தொடக்கத்திலேயே அமைத்து வைத்துக்கொண்டால் எது உடைந்தாலும் முந்தைய நாளுக்குத் திரும்பிவிடலாம். வீட்டில் பிள்ளைகள் பாடத்துக்கும் அதே கணினியைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் மிண்டின் அமைதி பெரிய வரம்.

ஃபெடோராவின் வேலைப்பளு இங்கேதான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாதம்தான் ஆதரவு. வருடத்துக்கு ஒருமுறையாவது பதிப்பு மாற்றியே ஆகவேண்டும். காப்புரிமைச் சிக்கலுக்குப் பயந்து சில வீடியோ கோடெக்குகளைத் தன் களஞ்சியத்தில் வைக்காது. ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தை நாமே சேர்க்க வேண்டும். என்விடியா டிரைவரும் அங்கிருந்துதான். அதை நிறுவியதும் கர்னல் மாட்யூல் பின்னணியில் கட்டப்படும். அது முடியும்வரை சில நிமிடம் பொறுக்காமல் மறுதொடக்கம் செய்தால் தொல்லை. கையொப்பமில்லாத நிரலைத் தொடங்கவிடாத செக்யூர் பூட் இயங்கினால் சாவி பதிவு செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

ஆனாலும் என் மேசையில் இருப்பது கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் கொண்ட ஃபெடோரா பதிப்புதான், காரணம் திரை. பிளாஸ்மா 6 வந்தபிறகு, திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டில் எச்டிஆர் (கூடுதல் ஒளி, நிற வீச்சு) கிடைக்கிறது. வெவ்வேறு ரிஃப்ரெஷ் ரேட் கொண்ட இரண்டு மானிட்டர்கள் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடுகின்றன. மிண்டின் டெஸ்க்டாப்பான சின்னமன் இன்னும் பழைய முறையான எக்ஸ்11-ஐத்தான் இயல்பாக நம்பியிருக்கிறது; வேலண்ட் அதில் சோதனை நிலையில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. 144 ஹெர்ட்ஸ் எச்டிஆர் திரைக்குக் காசு கொடுத்தவருக்கு இதுதான் முதல் பொருட்டு.

இரண்டின் பக்கமும் ஒரு விஷயத்தில் தள்ளாட்டம் இருந்திருக்கிறது. 2019 ஜூனில் மிண்டின் அடிப்படையான உபுண்டு 32-பிட் தொகுப்புகளைக் கைவிடப் போவதாக அறிவித்தது. ஸ்டீமுக்கும் பழைய கேம்களுக்கும் அவை தேவை என்பதால் எதிர்ப்பு கிளம்பி, முடிவு மாறியது. 2025 ஜூனில் ஃபெடோராவிலும் இதே யோசனை வந்து, இதே போலத் திரும்பப் பெறப்பட்டது. பழைய கேம்களை நேசிக்கும் நாம் குரல் கொடுத்தால் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பஸைட்

ஃபெடோராவின் புதுமை வேண்டும், பராமரிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு பஸைட். ஃபெடோரா அட்டாமிக்கை அடிப்படையாகக் கொண்டது. கணினி அமைப்பு முழுவதும் ஒரே படிமமாக (இமேஜ்) வரும்; அதை நாம் உள்ளே போய்த் திருத்த முடியாது. அப்டேட்டில் கோளாறு என்றால் பூட் மெனுவில் பழைய படிமத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும், நேற்றைய கணினி திரும்ப வந்துவிடும். ஸ்டீமும், கேம்களை நிறுவி நிர்வகிக்கும் லூட்ரிஸும் உள்ளேயே இருக்கின்றன. என்விடியாவுக்குத் தனிப் படிமம் உண்டு, டிரைவர் அதிலேயே சேர்ந்து வரும். டிவியோடு இணைத்து, கன்ட்ரோலரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதற்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை.

குறை? அப்டேட்டுகள் பெரியவை; மாதம் இத்தனை ஜிபிதான் என்று அளந்து நெட் பயன்படுத்துபவர்களுக்குச் சுமை. அச்சுப்பொறிக்கு ஒரு வினோத டிரைவர், அலுவலகத்துக்கு ஒரு விபிஎன் என்று அமைப்புக்குள் எதையாவது நுழைக்க வேண்டியிருந்தால் எரிச்சல் வரும். கேமுக்கென்றே ஒரு கணினி இருக்கிறவர்களுக்கு இது, எல்லாவற்றுக்கும் ஒரே கணினி என்பவர்களுக்கு இல்லை.

ஆர்ச்

"ஸ்டீம் டெக்கில் ஓடுவதே ஆர்ச்தான், அதனால் கேமுக்கு ஆர்ச்தான் சரி" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பாதிதான் உண்மை. 2015-இல் டெபியன் மேல் நின்ற ஸ்டீம்ஓஎஸ், 2022-இல் டெக்கோடு ஆர்ச்சுக்கு மாறியது சரிதான். ஆனால் வால்வ் ஆர்ச்சின் தொகுப்புகளை ஒரு கட்டத்தில் நிறுத்தி, சோதித்து, படிமமாக்கித்தான் வெளியிடுகிறது. நம் கணினியில் நிறுவும் ஆர்ச்சில் அந்த நிறுத்தம் இல்லை, வந்ததெல்லாம் அன்றைக்கே இறங்கும்.

2025 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். என்விடியா 590 டிரைவர் பாஸ்கல் (ஜிடிஎக்ஸ் 10) வரிசைக்கும் அதற்கு முந்தைய கார்டுகளுக்குமான ஆதரவை விட்டது. ஆர்ச் உடனே அதற்கு மாறியது. ஜிடிஎக்ஸ் 1060, 1070 வைத்திருப்பவர்கள் ஆர்ச் பயனர்கள் பராமரிக்கும் ஏயூஆர் களஞ்சியத்திலிருந்து 580 பதிப்பை எடுத்து நிறுவ வேண்டியதாயிற்று. ஆர்ச் இதைத் தன் முகப்புப் பக்கத்தில் தெளிவாக அறிவித்தது. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அப்டேட் போட்டவர்களுக்கு வரைகலைத் திரையே வரவில்லை. படித்துவிட்டு அப்டேட் போடும் பழக்கமும், அதில் ஓர் ஆனந்தமும் உங்களுக்கு இருந்தால் ஆர்ச் அருமையானது. அதன் விக்கிக்கு நிகரான ஆவணம் லினக்ஸ் உலகில் இல்லை. நான் ஃபெடோராவில் இருந்துகொண்டே அதைத்தான் படிக்கிறேன். ஆனால் ஜிடிஎக்ஸ் 1060-க்கு மிண்ட்தான்.

டெபியன், அப்புறம் பிஎஸ்டி

டெபியனைக் கேமுக்கு யாரும் பரிந்துரைப்பதில்லை. நான் பாதி பரிந்துரைக்கிறேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கர்னல் 6.12, மெசா 25.0. வெளிவந்த அன்றைக்கு அது நல்ல இடம். இரண்டு வருடம் கழித்தும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். கார்டு மாற்றும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது குறையே இல்லை. கட்டற்ற கேம்களை ஆடுபவர்களுக்கோ இது சொர்க்கம்: வெஸ்னாத், ஓப்பன்டிடிடி, சூப்பர்டக்ஸ்கார்ட், மௌரியர்களின் யானைப்படையை நடத்தக் கிடைக்கும் 0 ஏ.டி., எல்லாம் ஒரே கட்டளையில் இறங்கும். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் வெஸ்னாத் ஆட நினைத்தால் நான் வேறு எதையும் நினைக்க மாட்டேன்.

லினக்ஸ் அல்லாத, யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டியில் கேம் ஆடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4-இன் இயங்குதளம் அதிலிருந்து வந்ததுதான். ஆனால் வீட்டுக் கணினியில் ஸ்டீமை அதில் ஓட்ட லினக்ஸ் இணக்க அடுக்கு வழியாகச் சுற்றி வர வேண்டும். கற்றுக்கொள்ள நல்லது, ஆடுவதற்கு வேண்டாம்.

எதற்கு மாறினாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸில் ஏற்கெனவே இறக்கிவைத்த கேம்கள், விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பிரிவில் இருக்கும். அதையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டிவிடலாம் என்று தோன்றும். சில கேம்கள் ஓடும், சில காரணமே சொல்லாமல் மூடிக்கொள்ளும். பழியைப் புரோட்டான் மேல் போடுவோம். லினக்ஸின் கோப்பு முறைகளான எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் பிரிவு ஒன்றை உருவாக்கி, கேம் கோப்புறைகளை அங்கே நகலெடுத்து, ஸ்டீமில் அந்தக் கேமை இன்ஸ்டால் செய்யச் சொல்லுங்கள். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டு, குறைவதை மட்டும் அது இறக்கிக்கொள்ளும்.