மார்பில் கட்டிக்குப் பத்தியம் விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்: என் ஆச்சிக்கு நடந்தது

என் ஆச்சிக்கு 58 வயது. உடன்பிறந்த அக்காவைத்தான் எங்கள் பக்கம் ஆச்சி என்போம். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஆச்சி பள்ளத்தூரில் இரண்டு கட்டு வீட்டில், வேலைக்கு வரும் ஒரு அம்மாவின் துணையோடு தனியாக இருக்கிறார். நான் காரைக்குடியில். இதை எழுதலாம் என்று ஆச்சியே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

போன வருடம் ஆடி மாதம், குளிக்கும்போது இடது மார்பில் சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்கும் உணவு முறை பற்றி இலவசக் கூட்டம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆச்சி கூப்பிட்டார், நானும் போனேன். எழுபது, எண்பது பெண்கள் இருந்திருப்போம்.

பேசியவர் தன்னை உணவு ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டார். நன்றாகவே பேசினார். உடல் எடை கூடினால் ஆபத்து, மது கூடாது, நடக்க வேண்டும், காய்கறி நிறையச் சேர்க்க வேண்டும் என்றார். இதில் தப்பு எதுவும் இல்லை. அப்புறம்தான் ஒவ்வொன்றாக நுழைத்தார். சர்க்கரையும் வெல்லமும் புற்றுக்குத் தீனி, பால் விஷம், சோயா தொடவே கூடாது, ரத்தத்தில் அமிலம் கூடுவதால்தான் கட்டி வருகிறது, கார நீர், அதாவது 'ஆல்கலைன் வாட்டர்', குடித்தால் கரைந்துவிடும் என்றார். முதலில் சொன்ன நல்ல வார்த்தைகளை நம்பிய மனசு பின்னால் சொன்னதையும் சேர்த்து நம்பிவிட்டது.

கூட்டம் முடிந்து தனியாகப் பார்க்க 1,500 ரூபாய். ஆச்சி கட்டியைப் பற்றிச் சொன்னார். அவர் நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். தீட்டு நின்று எத்தனை வருடம், வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று ஒரு கேள்வி இல்லை. ஸ்கேன் எடுக்கட்டுமா என்று நான் கேட்டதற்கு அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மெஷின்ல வச்சு அமுக்குனாலும் ஊசி குத்துனாலும் கட்டி கோவிச்சுக்கிட்டுப் பரவிரும் ஆச்சி. ஆறு மாசம் என்னை நம்புங்க."

நம்பினோம். மூன்று மாதத்துக்கான பொடி 18,000 ரூபாய், கார நீர்க் குடுவை 9,500 ரூபாய். அன்றைக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பொடி டப்பா இப்போதும் என் மேசையில் இருக்கிறது. வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா, பச்சை மூடி. ஒட்டியிருக்கும் தாளில் ஒரு தாமரைப் படமும் 'காலை, மாலை 1 கரண்டி' என்ற வரியும் மட்டும்தான். என்ன சேர்ந்திருக்கிறது, எங்கே செய்தது, எந்தத் தேதி, எதுவும் இல்லை. கடையில் வாங்கும் முறுக்குப் பொட்டலத்தில்கூட 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கும். இதில் அதுவும் இல்லை. ரோஸ் நிற ரசீதில் 'ஊட்டச்சத்துப் பொருட்கள்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்க வாங்கியது என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

ஆச்சி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பாலை நிறுத்தினார், முட்டையை நிறுத்தினார், பருப்பைக் குறைத்தார். பணியாரக் கல்லைக் கழுவித் துடைத்துப் பரண் மேல் போட்டுவிட்டார். கார்த்திகையில் இன்னும் ஒரு 18,000 கட்டி அடுத்த பொடி வாங்கினார். 71 கிலோ இருந்தவர் 60 கிலோ ஆனார். "பாருங்க, நஞ்சு வெளியேறுது" என்றாராம் அந்த ஆள்.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் பள்ளத்தூரில் கூடினோம். மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்து, 21 நூல் திரியை வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற இழை, எங்களுக்கு அது விட முடியாதது. ஆச்சி கையை நீட்டிவிட்டு, வெல்லமாயிற்றே என்று தயங்கினார். அப்புறம் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார். நீட்டிய கையைப் பார்த்தேன், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அன்று ராத்திரி இரண்டாங்கட்டில் வைத்துக் காட்டச் சொன்னேன். சுண்டைக்காய் எலுமிச்சங்காய் ஆகியிருந்தது. அக்குளிலும் ஒன்று தட்டுப்பட்டது.

அந்த ஆளுக்கு உடனே போன் போட்டேன். பத்தியத்தை முறித்தாரா என்றுதான் முதலில் கேட்டார். இழை விஷயத்தைச் சொன்னதும், "அதான் காரணம். வெல்லம் உள்ளே போச்சுன்னா நான் என்ன செய்யமுடியும்?" என்றார். அன்று தின்ற நெல்லிக்காய் அளவு மாவு ராத்திரிக்குள் கட்டியை வளர்த்துவிட்டதாம்! போனில் அவர் பேசியது ஆச்சி காதில் விழுந்துவிட்டது. "நானே கெடுத்துக்கிட்டேனே" என்று தூணில் சாய்ந்து அழுதார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். நோயாளி தலையில் பழியைப் போட்டாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுவாரம் மதுரைக்கு அழைத்துப் போனோம். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, அப்புறம் ஊசி வைத்துச் சதை எடுத்து பயாப்ஸி. புற்றுநோய்தான், அக்குள் நெறிக்கட்டிக்கும் வந்திருந்தது. ரத்தசோகையும் இருந்தது, ஹீமோகுளோபின் 8.6தான். கட்டி தட்டுப்பட்டதுமே வந்திருந்தால் கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்திருக்கலாம், சிகிச்சையும் லேசாக இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். கீமோ தாங்குவதற்கு முதலில் உடம்பைத் தேற்ற வேண்டியிருந்தது. தினம் முட்டை, பருப்பு, தயிர், மீன் சாப்பிடச் சொன்னார்கள். மாதக்கணக்கில் பணம் கொடுத்து எதையெல்லாம் நிறுத்தினோமோ, அதேதான்.

நான் டாக்டரிடமும் அங்கிருந்த உணவியல் நிபுணரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டேன், பிறகு வாசிக்கவும் செய்தேன். சாப்பாட்டுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தீட்டு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கப்புறம் உடம்பில் அதை உண்டாக்குகிற முக்கியமான இடம் கொழுப்புத் திசு. அதனால் அந்த வயதில் எடை கூடினால் ஆபத்தும் கூடுகிறது. மது கொஞ்சமாகக் குடித்தாலும் கூடுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது எதற்கு என்று விட்டுவிடாமல், வெளியூரில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் மருமகளுக்கும் சொல்லிவையுங்கள். நடைப்பயிற்சியும் தாய்ப்பால் கொடுப்பதும் ஆபத்தைக் குறைக்கின்றன.

ஆனால் இதெல்லாம் வருகிற வாய்ப்பைக் கொஞ்சம் ஏற்றுவது, இறக்குவது என்ற அளவில்தான். வந்த கட்டியைக் கரைக்கிற சாப்பாடு கிடையாது. அமெரிக்காவில் தீட்டு நின்ற 48,835 பெண்களை வைத்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டி ஏறக்குறைய எட்டு வருடம் கவனித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. மார்பகப் புற்றுநோய் உறுதியாகக் குறைந்தது என்று சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு பெரிய ஆய்வே அடக்கமாகப் பேசுகிறது, மண்டபத்தில் மைக் பிடித்தவர் ஆறு மாதத்தில் கரையும் என்று கெடு வைக்கிறார்.

கார நீர் சுத்தப் பொய். ரத்தத்தின் கார அமில அளவை நுரையீரலும் சிறுநீரகமும் 7.35க்கும் 7.45க்கும் நடுவில் பிடித்து வைத்திருக்கின்றன. குடுவைத் தண்ணீர் அதை அசைக்காது. இனிப்பை விட்டால் புற்று பட்டினி கிடக்கும் என்பதும் அப்படித்தான். உடம்பின் எல்லா செல்லுக்கும் குளுக்கோஸ் வேண்டும், நாம் தின்னாவிட்டால் உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். அளவில்லாமல் இனிப்புத் தின்று எடை ஏறினால் கெடுதல்தான், அது வேறு கதை. சோயாவைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்வதால் இந்த நோய் கூடுவதாகத் தெரியவில்லை. பால் விஷம் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். எது எது என்று நாக்கையும் நகத்தையும் பார்த்துச் சொல்ல முடியாது. கட்டி, காம்பு உள்ளே இழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிவது, இவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியதும் அதே வருடம்தான். இத்தனை காலத்துக்குப் பிறகும் மண்டபம் பிடித்து விற்கிறார்கள் என்றால், அதைக் கேட்டு நாமும் வாங்குகிறோம்.

ஆச்சிக்குக் கீமோ, அறுவை, கதிர்வீச்சு மூன்றும் முடிந்தன. இப்போது தினம் ஒரு ஹார்மோன் தடுப்பு மாத்திரை. தலைமுடி குட்டையாக முளைத்திருக்கிறது. போன வாரம் என்னைப் பரண் மேல் ஏறச் சொல்லிப் பணியாரக் கல்லை எடுக்க வைத்தார்.

பணம் மொத்தம் 47,000. திருப்பிக் கேட்டபோது, பத்தியம் முறிந்ததால் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறோம். அதற்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அந்த மண்டபக் கூட்டத்துக்கு வந்து பணம் கட்டியவர்கள் ரோஸ் ரசீதையும் டப்பாவையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நோட்டீஸ் இருந்தால் அதுவும் வேண்டும், எங்களிடம் இருந்தது தொலைந்துவிட்டது.