பத்திரிகை அடித்த கதை: ஆண்டர்சன் தெருக் கடை ஒன்றுக்கு மூன்றரை நட்சத்திரம்

கல்யாணமே வேண்டாம் என்று விடுதியில் விடிய விடியப் பேசியவள் நான். அதே ஆள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை புரட்டிக்கொண்டு நின்றால் தோழிகள் சும்மா விடுவார்களா? விடவில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவனோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடித்திருக்கிறது. தானமாகப் போகத்தான் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் என் பதில்.

சுயமரியாதைத் திருமணம். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்த பிறகு இதற்குப் புரோகிதர் தேவையில்லை. உறவினர், நண்பர்கள் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ செல்லும். தாலி கட்டுவதும் ஒரு வழிதான், கட்டாயம் இல்லை. இத்தனை வருஷமாகியும் அந்தச் சட்டம் இந்தக் கடையின் கம்ப்யூட்டருக்குள் வந்து சேரவில்லை.

அங்கே தயார் மேட்டர், அதாவது முன்பே அடித்து வைத்த பத்திரிகை வாசகம், குறைந்தது நாற்பது இருக்கும். எல்லாவற்றிலும் அப்பாக்கள்தான் அழைக்கிறார்கள். "மணமக்களாகிய நாங்கள் அழைக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்தேன். டைப் அடித்த பெண் கையை எடுத்துவிட்டு, "அப்போ பெரியவங்க பேரு எங்கக்கா போடறது?" என்றாள். கீழே, நாலு பேரும் ஒரே அளவு எழுத்தில் என்றேன். முதல் புரூஃபில் அம்மாக்கள் இருவரும் பெயரில்லாமல் வெறும் 'திருமதி'யாக நின்றார்கள். இரண்டாவதில் பெயர் வந்தது, எழுத்து சிறுத்துவிட்டது. மூன்றாவதில்தான் சரியானது. முகம் சுளிக்காமல் மூன்று முறை திருத்திக் கொடுத்ததற்கே ஒரு நட்சத்திரம்.

கார்டு நல்ல கனம், மடிப்பில் வெடிக்கவில்லை. ஒன்று 28 ரூபாய், 300 எடுத்தோம். கவர் பசைதான் மோசம், பாதியை நாங்களே மறுபடி ஒட்டினோம். கேட்காமலேயே நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சரி, மஞ்சள் இருக்கட்டும்.

பணம் கட்டும்போது அந்தப் பெண், "இந்த மேட்டர சேவ் பண்ணி வச்சுக்கவாக்கா? யாராவது கேட்டா ஆகும்" என்றாள். தாராளமாக என்றேன். 'லவ் மேரேஜ் புதுசு' என்று பெயர் போட்டாள். எங்களுடையது இரண்டு அம்மாக்களும் பேசி முடித்தது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பின்னால் வரிசை நின்றது, கிளம்பிவிட்டேன்.