பினாங்கில் ஜியோகேச்சிங்: ஒரு கையடக்க ஜி.பி.எஸ் கருவியோடு மூன்று ஆண்டுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் என் அண்ணன் மகள் தன் கைத்தொலைபேசியை என் முன் நீட்டி, "சித்தப்பா, தண்ணீர்மலைப் பக்கம் யாரோ ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறார்களாம், தேடிப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். இருவரும் போனோம்; ஒன்றரை மணி நேரம் புதரைக் கிளறினோம்; வெறுங்கையோடு திரும்பினோம். தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். ஓர் எண்ணைத் திரையில் காட்டும் கருவியை வைத்துக்கொண்டே ஏமாந்தது எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. அடுத்த மாதமே ஒரு கையடக்க ஜி.பி.எஸ் கருவி வாங்கினேன். அன்றிலிருந்து அதை நானும் பயன்படுத்தி, புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வந்த ஐந்தாறு பேருக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தையே இங்கே எழுதுகிறேன். கருவியில் எனக்குச் சில மனக்குறைகள் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்து, அதன் வகையை மட்டும் சொல்கிறேன்.

ஜியோகேச்சிங்கை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். ஒருவர் ஒரு பெட்டியை ஓரிடத்தில் ஒளித்து, அந்த இடத்தின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ் துணையோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். அந்தப் பிழையை நீக்கிய மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து இதைத் தொடங்கிவைத்தார். 100 மீட்டர் என்பது ஒரு கால்பந்துத் திடலின் நீளம். அத்தனை பெரிய பரப்பில் உள்ளங்கை அளவு டப்பாவைத் தேடச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

நான் வாங்கிய கருவி உள்ளங்கையில் அடங்கும். 2.2 அங்குல வண்ணத்திரை, இரண்டு ஏஏ பேட்டரி, பக்கவாட்டில் சில பொத்தான்கள், கட்டைவிரலால் நகர்த்தும் சிறு குமிழ் ஆகியவை அதில் உண்டு, தொடுதிரை கிடையாது. அமெரிக்க ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களோடு ரஷ்யாவின் குளோனாஸ் செயற்கைக்கோள்களையும் அது கேட்கும். இதைவிட விலை கூடிய மாதிரியில் மின்னணுத் திசைகாட்டி இருந்தது. செலவை எண்ணி அது இல்லாததை வாங்கினேன். அந்தச் சிக்கனம் என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு கருவியில் இல்லை, எண்ணை வாசிப்பதில் இருக்கிறது. ஜியோகேச்சிங்கில் இடத்தைப் பாகையாகவும் (டிகிரி) தசமக் கலையாகவும் (மினிட்) எழுதுவது வழக்கம். உதாரணமாக, வடக்கு 5 பாகை 24.900 கலை, கிழக்கு 100 பாகை 19.800 கலை என்பது ஜார்ஜ்டவுன் நகரின் கொம்தார் கட்டடத்தின் அருகாமை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் இதைத் தசமப் பாகையாக மாற்றினால் 5.415, 100.330 என்று வரும். எங்களோடு வந்த ஓர் ஆசிரியை இத்தகைய எண்ணைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் 5.24900, 100.19800 என்று தட்டிவிட்டார். வரைபடம் தயங்காமல் தீவின் தென்மேற்கில், கெர்தாக் சங்குலுக்கு அப்பால், கடலுக்குள் ஒரு புள்ளி வைத்தது. கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர் தவறு. கடலாக இருந்ததால் அவர் சிரித்துவிட்டு மீண்டும் தட்டினார். நிலமாக இருந்திருந்தால் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருப்பார். என் கையடக்கக் கருவியிலும் இந்த வடிவத்தை அமைப்புப் பகுதியில் ஒருமுறை தேர்ந்தெடுத்து வைக்க வேண்டும். அங்கேயே வரைபட ஆதாரம், அதாவது அட்சத்தையும் தீர்க்கத்தையும் எந்த அடிப்படையில் அளப்பது என்ற முறை, டபிள்யூ.ஜி.எஸ் 84 என்று இருக்கிறதா எனவும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவின் பழைய நிலப்படங்கள் கெர்தாவ் என்ற வேறோர் ஆதாரத்தில் வரையப்பட்டவை. யாராவது அதை மாற்றி வைத்துவிட்டால் எண்கள் சரியாகவே தெரியும், ஆனால் நாம் வேறோர் இடத்தில் நிற்போம்.

இந்தக் கலைக் கணக்கில் பினாங்குக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதை நான் எல்லாப் புதியவர்களிடமும் சொல்வேன். அட்சத்தில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு சுமார் 1.85 மீட்டர். தீர்க்கத்தில் இந்தத் தூரம் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் குறையும். இங்கிலாந்தில் அது ஏறத்தாழ 1.15 மீட்டராகிவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருப்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கடைசி இலக்கம் எந்தப் பக்கம் ஒன்று மாறினாலும் பெரியவர் ஒருவரின் இரண்டரை அடிவைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணன் மகள், பெட்டி இருக்கும் திசையைக் காட்டும் திரையின் அம்பை மறைத்துவிட்டு, இந்த இலக்கங்களை மட்டும் பார்த்து நடந்து பெட்டியை அடையும் பயிற்சியைத் தாவரவியல் பூங்காவின் திறந்த புல்வெளியில் நான்கு வாரங்கள் செய்தாள். பத்து நிமிட விளக்கத்தைவிட அது நன்றாக வேலை செய்தது. அதே பூங்காவில் குரங்கு ஒன்று என் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதும் நடந்தது. அன்று முதல் கருவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

இனி அந்த அம்புக்கு வருகிறேன். மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவிக்கு நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது தெரியாது. சற்று முன் இருந்த இடத்தையும் இப்போது இருக்கும் இடத்தையும் ஒப்பிட்டு, நாம் நகரும் திசையை மட்டும் அது கணிக்கிறது. நடந்தால் அம்பு சரியாக இருக்கும். நின்றால், அல்லது மரத்தடியில் மெல்ல அடியெடுத்து வைத்தால், ஒவ்வொரு கணமும் சிதறும் சிறுபிழையையே நகர்வு என்று எண்ணி அம்பு சுற்றத் தொடங்கிவிடும். புதியவர்கள் இயல்பாகச் செய்வது என்ன? சந்தேகம் வந்ததும் நின்று, கருவியைக் கண்ணுக்கருகே கொண்டுவந்து, மெல்லத் திரும்பிப் பார்ப்பதுதான். அந்தக் கருவி அப்போதுதான் அதிகமாகப் பொய் சொல்லும். முதல் ஆறு மாதம் இதை ஒரு பெரிய குறையாகவே கருதி, விலை கூடிய மாதிரியை வாங்காததற்காக வருந்தினேன். இப்போது என் எண்ணம் மாறிவிட்டது. சந்தேகம் வந்தால் இருபது முப்பது மீட்டர் பின்வாங்கி, நேர்கோட்டில் சீரான வேகத்தில் மீண்டும் நடந்து வர வேண்டும் என்ற பழக்கத்தை இந்தக் குறைதான் எங்களுக்குக் கொடுத்தது. இரண்டு வெவ்வேறு பக்கங்களிலிருந்து அப்படி நடந்து வந்து, அம்பு காட்டிய இரு கோடுகளும் எங்கே வெட்டுகின்றன என்று பார்ப்பது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்பதைவிட எத்தனையோ மேல்.

கைத்தொலைபேசியில் திசைகாட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது காந்தத்தை நம்பி வேலை செய்வது. நண்பர் ஒருவருடைய தொலைபேசி எப்போதும் வலப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று தேடல்களுக்குப் பிறகுதான் அவருடைய மடக்கு உறையில் மூடுவதற்கென ஒரு காந்தம் இருப்பதைக் கண்டோம். உறையைக் கழற்றி, தொலைபேசியைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றியதும் சரியாகிவிட்டது. ஒரு நல்ல செய்தி: பினாங்கில் திசைகாட்டி காட்டும் காந்த வடக்குக்கும் வரைபடத்தின் மெய் வடக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு பாகைகூட இல்லை. வெளிநாட்டுக் கையேடுகள் இந்தத் திருத்தத்துக்காகச் செலவிடும் பக்கங்களை இங்குள்ளவர்கள் தாண்டிவிடலாம்.

அடுத்தது, திரையின் மூலையில் தெரியும் துல்லிய எண். "3 மீட்டர்" என்று காட்டினால் பெட்டி 3 மீட்டருக்குள் இருக்கிறது என்றே எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். அது கருவி தன்னைப் பற்றிச் செய்துகொள்ளும் மதிப்பீடு, உறுதிமொழி அன்று. மேலும், பெட்டியை ஒளித்தவரும் இதே போன்ற ஒரு கருவியால்தான் இடத்தைக் குறித்திருப்பார்; அவருடைய பிழையும் நம்முடையதோடு சேரும். நான் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும்போது, தூரம் 10 மீட்டருக்குக் கீழே வந்ததும் கருவியை மூடிவிடச் சொல்கிறேன். பிறகு கண்ணுக்கு வேலை: நானாக இருந்தால் இங்கே எங்கே ஒளிப்பேன், எந்தக் கல் தன் இடத்தில் இல்லாததுபோல் தெரிகிறது, எந்தக் கம்பிவேலியின் பின்புறம் காந்தம் பொருத்திய பெட்டி ஒட்டும் என்று பார்க்க வேண்டும். தண்ணீர்மலைப் பக்கம் முதல் நாள் நாங்கள் தோற்றது இதனால்தான். அம்பு "0" என்று காட்டிய இடத்திலேயே ஒன்றரை மணி நேரம் நின்றோம். இரண்டாம் முறை போனபோது பெட்டி எட்டு மீட்டர் தள்ளி ஒரு வேரின் இடுக்கில் இருந்தது.

ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள் தனிப்பாடம். நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை தேவை. அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதால் மிக மெலிந்தே நம்மை எட்டும். கடைவீடுகளின் முன்னே ஓடும் காக்கி லீமா நடைபாதையில் கூரையின் கீழே நின்றால் நேரடிச் சமிக்ஞை மறைந்து, எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்தது மட்டும் வரும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. தெறித்து வந்த சமிக்ஞை 50 நானோ நொடி தாமதித்தால் அந்தச் செயற்கைக்கோளின் தூரத்தை நம் கருவி 15 மீட்டர் கூட்டிக் கணக்கிடும். லிட்டில் இந்தியாவில் பூக்கடைக்கு எதிரே நின்ற என்னை வரைபடம் அடுத்த தெருவில் கொண்டுபோய் வைத்தது இப்படித்தான். நகருக்குள் என் கருவி தோற்றுவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு வாங்கிய கைத்தொலைபேசி 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் கேட்கிறது. இரண்டாவது அலை தெறிப்பைப் பிரித்தறிய உதவுவதால், கடைவீடுகளுக்கு நடுவே அதன் புள்ளி வெகுவாக அமைதியாக நிற்கிறது. ஆனாலும் தெருமுனைக்கு வந்து வானம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்பதற்கு அது ஈடாகாது என்பது வேறு விஷயம்.

கொடிமலைப் பாதைகளில் நிலைமை தலைகீழ். அங்கே சில மடிப்புகளில் தொலைபேசி அலைவரிசை கிடைக்காது. வரைபடம் வெறும் சாம்பல் கட்டமாகிவிடும். கையடக்கக் கருவியில் முன்கூட்டியே ஏற்றிய இலவச வரைபடமும் நடந்துவந்த தடமும் அப்படியே இருக்கும். மழை பெய்து ஓய்ந்த மாலை ஒன்றில் இரு கிளைப்பாதைகளில் எது எங்களுடையது என்று தெரியாமல் நின்றபோது, திரையில் இருந்த அந்தப் புள்ளித்தடத்தைப் பார்த்தே மலையடிவாரப் பாதைவாயிலான மூன் கேட் வரை இறங்கினோம். நனைந்த இலைத்திரள் சமிக்ஞையைக் கூடுதலாக உறிஞ்சுவதால் தடம் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தது. வழி தெரிய அது போதுமானதாக இருந்தது.

நெடுநாள் அணைத்து வைத்திருந்த கருவி, செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலை வானத்திலிருந்தே பெற வேண்டியிருப்பதால், இடம் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கும். தொலைபேசி அதை இணையத்திலிருந்து வாங்கிவிடுகிறது. ஆகவே காரை நிறுத்தியதும் கருவியைத் திறந்து கூரைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாற்றுவது எங்கள் வழக்கம். பேட்டரி 25 மணி நேரம் நிற்கும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். மின்னேற்றம் செய்யக்கூடிய பேட்டரிகளோடு எனக்கு 18 மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. பேட்டரியின் வகையை அமைப்பில் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், பாதி மீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே திடீரென அணைந்துவிடுகிறது.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் ஆண்டில் கருவியின் விளிம்பைச் சுற்றியிருந்த ரப்பர் உரிந்து வந்தது. வாங்கிய கடையில் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், பசை வாங்கி நானே ஒட்டினேன். குமிழால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து குறிப்பு எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. புதியவர்கள் தொடுதிரை என்று நினைத்து முதலில் கண்ணாடியைத்தான் அழுத்துகிறார்கள். அதைத் தவிர்க்கவே முடியவில்லை.

இன்று ஒருவர் புதிதாகத் தொடங்குகிறார் என்றால், முதல் பத்துத் தேடல்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், கையிலிருக்கும் தொலைபேசியும் இலவசச் செயலியும் போதும் என்றுதான் சொல்வேன். தேடுவது எவ்வளவு கடினம், நடக்கும் தரை எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் தரப்படும் இரு மதிப்பீடுகளும் ஐந்துக்கு ஒன்றரைக்கு மேல் போகாத பெட்டிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, திறந்த வெளியில் பழக வேண்டும். மலையேற ஆசை வந்த பிறகு கையடக்கக் கருவி வாங்கலாம். அப்போதும், கற்பதற்கு என்றால், மின்னணுத் திசைகாட்டி இல்லாத மலிவான மாதிரியையே நான் மறுபடியும் வாங்குவேன். அண்ணன் மகள் இதை ஏற்பதில்லை. சேமிப்பில் கை வைத்து, திசைகாட்டி உள்ளதையே சென்ற மாதம் வாங்கிவிட்டாள். பசை போட்டு ஒட்டிய பழையதை அடுத்து வரும் புதியவருக்கு இரவல் கொடுப்பதற்காக என்னிடமே விட்டுவிட்டாள்.