"4 கேஜ், ப்யூர் காப்பர்" வயரிங் கிட்: வாங்கி ஏமாந்த கதை

காரில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்), சப்வூஃபர் (பாஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டலாம் என்று ஆன்லைனில் வயரிங் கிட் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குப் போனது கொஞ்சம் பணமும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும்தான். கார் போகவில்லை, அதுவும் அன்றைக்கு மூக்கு ஒழுங்காக வேலை செய்ததால்.

என்னுடையது பழைய சின்ன ஹேட்ச்பேக். புதுசு வாங்கும் எண்ணம் இல்லை, அதனால் இருப்பதையே அழகு பார்ப்பது என்று முடிவெடுத்து ஒவ்வொன்றாக வீட்டு வாசலிலேயே செய்துகொண்டு வந்தேன். முதலில் கதவுகளுக்குள் சத்தம் தடுக்கும் ஷீட் ஒட்டினேன், அப்புறம் முன்பக்க ஸ்பீக்கர், அப்புறம் ஸ்டீரியோ. எல்லாம் சரியாக வந்துவிட்டது. அந்தத் திமிரில்தான் டிக்கியில் ஒரு 10 இஞ்ச் சப்வூஃபர் வைக்கலாம் என்று இறங்கினேன்.

ஆம்ப், சப், வயரிங் கிட் மூன்றையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். கிட் விற்ற ஆன்லைன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "4 கேஜ், 100% ப்யூர் காப்பர்" என்று போட்டிருந்தது. கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண், எண் குறையக் குறைய வயர் தடிமன். 5 மீட்டர் சிவப்பு வயர், 1 மீட்டர் கறுப்பு வயர், 60 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கு ஒரு ஹோல்டர், லக்குகள் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையங்கள்), சிக்னல் கேபிள். பெட்டியைப் பிரித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வயர் விரல் தடிமனுக்கு, பளபளவென்று, சொன்னபடி வளைந்தது. கையில் எடுத்தபோது கனமே இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. தோன்றியதை அப்படியே தள்ளிவிட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

மாட்டியதில் குறை இல்லை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கச் சுவரில் கம்பெனி போட்ட ரப்பர் வளையத்தின் (கிராமெட்) வழியாகவே வயரை உள்ளே எடுத்து, கதவோரப் பிளாஸ்டிக்கைக் கழற்றி, கார்பெட்டுக்கு அடியில் பின்சீட் வரை இழுத்தேன். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள். எர்த் (கார் பாடியில் இணைக்கும் கறுப்பு வயர்) போடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட்டேன். இதையெல்லாம் இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் விற்பனையாளர் என்ன சொன்னார் என்று வரும்போது புரியும்.

முதல் வாரம் அருமை. இரண்டாவது வாரத்தில் பாஸ் ஏறும் இடங்களில் சப் திக்கித் திக்கி அடித்தது, சில சமயம் அணைந்து மறுபடி வந்தது. விற்பனையாளரைக் கேட்டதற்கு "ஆல்டர்னேட்டர் வீக்கா இருக்கும் சார், செக் பண்ணுங்க" என்று பதில். ஆல்டர்னேட்டர் என்றால் இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது. செக் பண்ணினேன், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். அதில் கோளாறு இல்லை. அப்புறம்தான் எலக்ட்ரீஷியன் நண்பன் ஒருவன் சொன்னான், "பேட்டரில பாத்தா போதுமாடா, ஆம்ப் டெர்மினல்ல பாரு". 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு மீட்டரை வைத்தால் அங்கே 12.6. வழியில் 1.3 வோல்ட் காணாமல் போகிறது!

எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பானெட் பக்கமிருந்து பிளாஸ்டிக் தீயும் வாசனை. ஓடிப்போய் ஆஃப் செய்துவிட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் ஹோல்டரின் ஒரு பக்கம் இளகிச் சரிந்து மெழுகு மாதிரி கிடக்கிறது. உள்ளே இருக்கும் ஃபியூஸ் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கதவோர மூடியைத் தூக்கி வயரைத் தொட்டேன், வெதுவெதுப்பு என்று சொல்ல முடியாது, சூடு.

மொத்த வயரையும் உருவி எடுத்து, கத்தியால் குறுக்கே வெட்டினேன். வெட்டிய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. வெளியே விரல் தடிமன், நடுவில் 3 மில்லிமீட்டர் சொச்சத்துக்கு ஒரு கம்பிக் கற்றை, மீதி எல்லாம் பிளாஸ்டிக். உண்மையான 4 கேஜ் வயரில் உலோகம் மட்டுமே 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும், அதாவது குறுக்குவெட்டுப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர். என் கையில் இருந்தது 10 கேஜ் தேறினால் அதிகம். சரி, மெல்லிசாக இருந்தாலும் செம்பாவது இருக்கிறதா? ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டினேன். சிவப்பு போய் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்கு மேலே செம்பு முலாம். லைட்டர் நெருப்பில் காட்டினால் இழை சுருண்டு அறுந்து விழுந்தது. செம்பு இழை என்றால் சிவக்கக் காய்ந்தாலும் அப்படியே நிற்கும்.

இப்போது கணக்கு போட்டால் எல்லாம் புரிகிறது. அலுமினியம் மின்சாரம் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அந்த மெல்லிசு வயர் 5 மீட்டரில் 40 ஆம்பியர் ஓடினால் வயரில் மட்டுமே கிட்டத்தட்ட 1 வோல்ட் போய்விடும், 40 வாட் அளவுக்குச் சூடு கார்பெட்டுக்கு அடியில் இறங்கும். அசல் 4 கேஜ் செம்பு என்றால் அதே இடத்தில் 6, 7 வாட்தான். போதாததற்கு அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக நாளாக நசுங்கிக்கொடுக்கும், இறுக்கிய இடம் லூஸாகும், லூஸான இடம் இன்னும் சூடாகும். சப் விட்டு விட்டு அடித்ததும், ஹோல்டர் உருகியதும் அதனால்தான்.

எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்கியது ஃபியூஸ் விஷயம். பெரிய லைனில் போடும் ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, அது வயரைக் காப்பாற்ற. 60 ஆம்பியர் ஃபியூஸ் அசல் 4 கேஜ் வயருக்குச் சரி. அதையே இந்தப் போலி வயரில் போட்டால் 60 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸுக்கு அது சாதாரணம், அதற்குள் வயரில் 90 வாட்டுக்கு மேல் சூடாகியிருக்கும். ஆக ஃபியூஸ் போவதற்கு முன்னால் வயர் போய்விடும். பாதுகாப்பு இருக்கிறது என்று நாம் நிம்மதியாக வண்டி ஓட்டிக்கொண்டிருப்போம்.

விற்பனையாளருக்கு வெட்டிய முகத்தைப் படமெடுத்து அனுப்பினேன். வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் "நீங்களே மாட்டினா வாரண்டி கிடையாது சார்". மாட்டிய படங்கள் எல்லாம் இருக்கின்றன, பாருங்கள் என்று அனுப்பினேன். அடுத்து "வயரை வெட்டிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது". வெட்டாமல் உள்ளே இருப்பதை எப்படிய்யா பார்ப்பது? செம்பு என்று போட்டிருக்கிறீர்களே என்று கேட்டதற்கு வந்த பதிலை ஃபிரேம் போட்டு மாட்டலாம்: "காப்பர்தான் சார், மேல ஃபுல்லா காப்பர்". கேஜ் பற்றிக் கேட்டதும் "அது எங்க கேஜ் சார்". நானும் பெட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உறையில் வெறும் "4 கேஜ்" மட்டும்தான், ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர் கேஜ் அளவுமுறை) என்றோ சதுர மில்லிமீட்டர் என்றோ எங்குமே இல்லை. அடிப்பக்க மூலையில், எறும்பு எழுத்தில் "சி.சி.ஏ." என்று இருந்தது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் என்பதன் சுருக்கம் அது. நான் போட்ட ரிவ்யூ இரண்டு நாளில் காணாமல் போயிற்று.

ஆம்பிலும் இதே கைவரிசை, சின்ன அளவில். ஸ்டிக்கரில் 2000 வாட்ஸ். பின்னால் இருப்பது இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ். 40 ஆம்பியர், 13.8 வோல்ட், பெருக்கினால் உள்ளே போவதே 552 வாட். ஏபி கிளாஸ் என்ற வகை ஆம்ப் இது, உள்ளே போவதில் கணிசமான பகுதி சூடாகவே போய்விடும், 60 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போனாலே பெரிது. ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஃபியூஸைப் படியுங்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் மாட்டுவதற்கு முன்னால் தராசில் வையுங்கள், இதற்கு எதையும் வெட்ட வேண்டாம். அசல் 4 கேஜில் மீட்டருக்குச் செம்பு மட்டுமே சுமார் 190 கிராம், 5 மீட்டருக்கு 950 கிராம், உறை தனி. என்னுடையது உறையோடு சேர்த்தே 600 கிராம் தொடவில்லை. நுனியில் ஒரு இழையைச் சுரண்டியும் பாருங்கள். ஒரு விஷயம், வெளியே வெள்ளையாக இருந்து சுரண்டினால் உள்ளே சிவப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. நமக்கு ஆகாதது இதற்குத் தலைகீழ். ஏற்கெனவே மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களா? நல்ல சத்தத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள், பேட்டரியிலும் ஆம்பிலும் வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே பேட்டரி பக்கத்து ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நான் கடைசியில் கிட் எதுவும் வாங்கவில்லை. வெல்டிங் மெஷினுக்குப் போடும் 25 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளை நேரில் போய், நுனியைச் சுரண்டிப் பார்த்து, அளந்து வெட்டி வாங்கி வந்தேன். பானெட்டுக்குள் எண்ணெயும் சூடும் படும் என்பதால் அந்தப் பகுதிக்கு மேலே ஒரு உறைக்குழாய் போட்டேன். பார்க்க அழகில்லை, அந்தச் சிவப்புப் பளபளப்பு இல்லை. அதே டோனைப் போட்டு மீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.9, ஆம்பில் 13.7.