பழைய ஃபைபர் படகின் மங்கிய ஜெல்கோட்டுக்கு ஏற்றது எது: காம்பவுண்டா, வாட்டர் பேப்பரா, திரவப் பூச்சா, பெயின்டா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளில், பழையவற்றின் மீது உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து எடுத்தால், சாக்பீஸ் பிடித்த கை போலப் பொடி ஒட்டியிருக்கும். எங்கள் சித்தப்பாவின் படகு நீல நிறம். பதினைந்து ஆண்டு உழைத்த பிறகு, அந்த நீலம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. அதை மீட்க என்னென்ன வழிகள் உண்டு என்று விசாரித்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவற்றில் சிலவற்றைச் செய்து பார்த்ததிலும், பிறர் செய்ததை அருகிலிருந்து கவனித்ததிலும் தெரிந்துகொண்டவற்றை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில், மங்குவது எது என்பது தெரிய வேண்டும். படகு வார்க்கும்போது அச்சுக்குள் முதலில் அடிக்கப்படும் நிறமேற்றிய பாலியெஸ்டர் ரெசின்தான் ஜெல்கோட். அதன் பின்னால்தான் 'மேட்' எனப்படும் கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காக ஏறுகின்றன. புதுப் படகிலேயே ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பு ரெசினைச் சிதைக்கும்போது, அதுவரை அந்த ரெசின் பிடித்து வைத்திருந்த நிறத்துகள் பிடிமானம் இழந்து பொடியாக நிற்கிறது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்பதால், பக்கவாட்டுச் சுவர்களைவிட வானத்தைப் பார்த்துக் கிடக்கும் மேல்தளமும் விளிம்புகளுமே முதலில் வெளுக்கின்றன. வெள்ளைப் படகில் இந்தக் கேடு கண்ணுக்கு அதிகம் தெரியாது. நீலமும் சிவப்பும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே, எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்த அரை மில்லிமீட்டரில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. தேய்த்து வரவழைக்கும் ஒவ்வொரு பளபளப்பும் அந்தக் கனத்திலிருந்துதான் செலவாகிறது. காசிமேட்டில் ஃபைபர் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் எனக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார்: "தண்ணி தொட்டுத் தடவிப் பாரு தம்பி, கலர் திரும்பி வந்துச்சுன்னா உயிர் இருக்குது." ஈரத்துணியால் துடைத்ததும் நிறம் பழையபடி ஆழமாகத் தெரிந்தால், தேய்த்தே மீட்கலாம். ஈரத்திலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ, உள்ளே மேட்டின் இழை நிழலாடினாலோ, தேய்க்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

க்ளீனரும் மெழுகும் கலந்த புட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுப் படகுக்கு அவை போதும். பொடி தட்டிய பழைய படகில் ஒரு வாரம் மினுக்கிவிட்டு மறைந்துவிடும்.

ரப்பிங் காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசையும், அதைத் தேய்க்கும் பஃபிங் மெஷினும்தான் பெரும்பாலான பழைய படகுகளுக்கு ஏற்றவை என்பேன். கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் கரகரப்பான காம்பவுண்டை ஆட்டுரோம பேடில் வைத்து, நிமிடத்துக்கு 1,000 முதல் 1,800 சுற்றுக்குள், கையகலப் பரப்பாக இல்லாமல் இரண்டடிச் சதுரமாக எடுத்துத் தேய்க்க வேண்டும். அதன் பிறகு நுண்ணிய பாலிஷ், கடைசியில் மெழுகு. நிழலில் செய்வது கட்டாயம். வெயிலில் காம்பவுண்டு நொடியில் காய்ந்து அப்பிக்கொள்ளும், மேற்பரப்பும் சூடேறிவிடும். தேய்க்கும் முன் படகைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும் என்பதை எண்ணூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். கொசஸ்தலை ஆற்றில் படிந்திருக்கும் அனல்மின் நிலையச் சாம்பலும் மணலும் படகில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே மெஷினை ஓட்டினால், அந்தத் துகள்களே கீறல் போட்டுவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கறை பிடித்த படகுகளில் இன்னும் மிச்சக்கறை இருந்தால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதை எடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவியே காம்பவுண்டுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கறை பேடில் ஏறிப் படகு முழுக்கப் பரவும்.

இந்த வழியின் ஆபத்து விளிம்புகளில் இருக்கிறது. அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், முனையில் மெஷினை ஒரு கணம் கூடுதலாக அழுத்தியதில், நீலம் தேய்ந்து, கீழே பழுப்புப் பச்சையாக மேட் தெரிந்ததை நானே பார்த்தேன். அது என் கையால் நடந்தது. முனைகளில் மெஷினைத் தவிர்த்துக் கையால் தேய்ப்பதே நல்லது. பெயின்டில் எழுதிய பதிவு எண்ணும் காம்பவுண்டில் கரைந்து போகும் என்பதால், அதன் மேல் டேப் ஒட்டிவிட வேண்டும், அல்லது எழுத்துக்காரரை மறுபடி அழைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

காம்பவுண்டுக்கு அசையாத கனமான பொடிப்படலத்துக்கு, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர். 600 அல்லது 800-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 1000, 1500 என்று ஏறி, பிறகே காம்பவுண்டு. ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை முழுவதும் அழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, முதலில் கிடையாகவும் அடுத்ததில் செங்குத்தாகவும் தேய்ப்பார்கள். காம்பவுண்டால் கிடைப்பதைவிடச் சமமான, ஆழமான பளபளப்பு இதில் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனத்தை அள்ளித் தின்னும் வழியும் இதுதான். ஒரு படகின் ஆயுளில் அடிக்கடி செய்யக்கூடிய வேலை இதுவன்று. படகு முழுவதற்கும் வாட்டர் பேப்பர் போட வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்கத் தயங்குவேன்.

அக்ரிலிக் திரவப் பூச்சு பார்வைக்கு மிகவும் கவர்ச்சியானது. பொடியைக் கழுவியெடுத்துவிட்டு, தரைப் பாலிஷ் போன்ற திரவத்தை மெல்லிய துணியால் ஐந்தாறு கை பூசினால், ஒரே நாளில் புதுப் படகு போல மின்னும். ஜெல்கோட்டின் கனமும் குறையாது. கரையில் நிற்கும் உல்லாசப் படகுக்கு இது பொருந்தலாம். வலை நாள்தோறும் விளிம்பில் உரசி ஏறி இறங்கும் மீன்பிடிப் படகில், அந்தப் படலம் உரசிய இடத்திலெல்லாம் உரியத் தொடங்கும். நாள்பட்டால் மஞ்சளும் தட்டும். அப்போது அம்மோனியா கலந்த நீக்கியால் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எங்கள் படகுக்கு இதை வேண்டாம் என்றேன்.

ஜெல்கோட் தீர்ந்த இடத்துக்கு பெயின்ட்தான். சாதாரண எனாமல் மலிவு. நம் வெயிலில் விரைவில் வெளுக்கும். எபாக்ஸி பிரைமரின் மேல் இரண்டு பாகங்கள் கலக்கும் பாலியுரேதேன் பெயின்ட் விலை கூடினாலும், தேய்த்துப் பராமரித்த ஜெல்கோட்டை விட நீண்ட காலம் பளபளப்பைப் பிடித்து வைக்கும். புது ஜெல்கோட்டையே பூசலாமே என்பார்கள். காற்று பட்ட பரப்பில் அது பிசுபிசுப்பாகவே நிற்கும். மெழுகுக் கரைசல் கலந்து பூசினால்தான் மேல்பரப்பு இறுகும், அதன் பிறகு அதையும் வாட்டர் பேப்பரில் சமப்படுத்த வேண்டும். ஜெல்கோட்டை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம். மே மாத வெக்கையில் குறைந்த அளவு போதும், ஆனால் ஒரு சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் எந்தக் காரணத்துக்காகவும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும்; முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கிய பிறகே மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம் என்பதால், கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம்.

எங்கள் படகில், பக்கவாட்டு முழுக்கக் காம்பவுண்டு, இருவர் சேர்ந்து இரண்டு நாள். அணியத்தின் இருபுறமும் இரண்டு முழ அளவுக்கு மட்டும் வாட்டர் பேப்பர். நான் தேய்த்துக் கெடுத்த முனைக்கும் வலை உரசும் விளிம்புக்கும் பாலியுரேதேன். மணலில் இழுபடும் அடிப்பாகத்தை யாரும் தொடவில்லை. மெழுகு நம் வெயிலில் சில மாதம்தான் தாங்கும் என்பதால், சித்திரை வெயிலுக்கு முன் ஒரு கை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு கை என்று சித்தப்பா வைத்திருக்கிறார். கடலுக்குப் போகாத நாட்களில் மேலே தார்ப்பாய் போட்டு மூடுகிறார். நீலம் இப்போது உள்ளங்கையில் ஒட்டுவதில்லை.